பொழியூரில் ‘உப்புவாதில்’ ஓடிய ஞாயிற்றுக்கிழமை

இந்தப் பயணத்துக்குக் காரணம் எங்கள் வீட்டுக்காரர் போட்ட ஒரு தூக்கம்.

‘உப்புவாதில்’ என்ற மலையாளப் படத்தைப் போன மழைக்காலத்தில் வீட்டு டிவியில் போட்டேன். உப்புக்கதவு என்று தமிழில் சொல்லலாம். வெளியூரிலிருந்து தன் கடற்கரைக் கிராமத்துக்குத் திரும்பும் ஒருவன், ஊரே தனக்காகத் துக்கத்தில் இருப்பதைப் பார்க்கிறான். தான் செத்துவிட்டோமா, செத்தோம் என்றால் கொன்றது யார், இல்லை எல்லாமே தன் மண்டைக்குள் நடக்கிறதா என்று தெரியாமல் அலைகிறான். நடுவில் தண்ணீருக்குள் ஒரு கதவு வேறு நிற்கிறது. சுவர் இல்லை, வீடு இல்லை, கதவு மட்டும். நான் கண்ணைச் சிமிட்டாமல் பார்த்தேன். இவர் பத்தாவது நிமிடத்தில் குறட்டை விட ஆரம்பித்தார். படம் முடிந்ததும் எழுந்து சோம்பல் முறித்துவிட்டு, “நல்ல படம்ட்டி. நல்லா தூக்கம் வந்துச்சு” என்றார். அதுதான் இவருடைய விமர்சனம்.

என் பழக்கம் வேறு. ஒரு படம் பிடித்துவிட்டால் அதைப் பற்றி யார் யார் என்ன எழுதியிருக்கிறார்கள் என்று தேடித் தேடிப் படிப்பேன். இந்தப் படத்துக்கு விமர்சகர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்திருந்தார்கள். ஒரு கட்சி தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடியது. இன்னொரு கட்சி டிக்கெட் காசைத் திருப்பிக் கேட்டது. கதவு என்பது கருப்பை என்று ஒருவர். தமிழ்நாட்டுக்கும் கேரளத்துக்கும் நடுவில் உள்ள எல்லைதான் அந்தக் கதவு என்று இன்னொருவர், பக்கம் பக்கமாக. யூடியூபில் ஒரு பையன் படத்தை ஒன்றரை மணி நேரத் தலைவலி என்று திட்டிவிட்டு, அந்தத் தலைவலியை விளக்க இரண்டு மணி நேரம் எடுத்துக்கொண்டான்.

ஆனால் இரண்டு கட்சியும் ஒத்துப்போன இடம் ஒன்று உண்டு. அது துக்கக் காட்சி. காலை நேரம், மணி ஒற்றை ஒற்றையாக அடிக்கிறது. நாலு திசையிலிருந்தும் சனம் வருகிறது. பல பேர் கையில் கெட்டில். சர்ச் முன்னால் வந்து நிற்கிறார்கள். யாரும் அழவில்லை. ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கிறார்கள், ஆள் எண்ணுகிறமாதிரி. திடீரென்று பச்சைச் சேலை கட்டிய ஒரு பெண் சரிந்து விழுகிறாள். மணி நின்றபின் சத்தமே கிடையாது. அந்தப் பயத்தை நடித்துக் காட்ட முடியாது, அவர்கள் தேர்ந்த நாடகக்காரர்களாக இருக்க வேண்டும் என்று எழுதினார்கள். கெட்டிலுக்கும் ஆளுக்கொரு விளக்கம் இருந்தது. அந்தப் பெண்ணுக்கு விருது கொடுக்காதது அநியாயம் என்று கொதித்தவர்களில் நானும் ஒருத்தி. படத்தின் முடிவில் அவள் பெயர்கூட வரவில்லை, பொழியூர் மக்களுக்கு நன்றி என்று ஒரே வரிதான்.

“எந்த ஊர்லட்டி யாரு செத்தான்னே தெரியாம எழவுக்கு வருவாவ? சும்மா கதை உடுதான்” என்றார் இவர். அப்படியானால் போய்ப் பார்த்துவிடுவோம் என்றேன். திருநெல்வேலியிலிருந்து பொழியூர் ஒன்றும் இமயமலை இல்லையே.

ஒரு சனிக்கிழமை காலை ஐந்தே முக்காலுக்குத் திருநெல்வேலியில் பஸ் ஏறினோம். நாகர்கோவில் வரை எண்பது கிலோமீட்டர் சொச்சம். அங்கே வடசேரியில் இறங்கி, களியக்காவிளை பஸ் பிடித்தோம். தூரம் முப்பத்தைந்து கிலோமீட்டர்தான், ஆனால் மார்த்தாண்டத்தில் நெரிசல் இருந்தால் ஒன்றரை மணி நேரம் ஆகிவிடும். எங்களுக்கு ஆனது. களியக்காவிளையில் தமிழ்நாடு முடிகிறது. முடிந்த இடம் எது என்று கண்டுபிடிக்க நான் அங்கேயும் இங்கேயும் நடந்து பார்த்தேன். கடைப் பலகையில் எழுத்து மாறுகிறது, லாட்டரிக் கடை முளைக்கிறது, மற்றபடி அதே மழை, அதே வாழைக்குலை. எல்லைதான் கதவு என்று எழுதியவர் இந்த இடத்தில் ஒரு காப்பி குடித்திருந்தால் இரண்டு பக்கத்தைக் குறைத்திருப்பார்.

அங்கிருந்து பாறசாலை நாலு கிலோமீட்டர்கூட இல்லை. ஆட்டோ ஓட்டியவர் சுரேஷ், பாறசாலைக்காரர், முப்பத்தைந்து வயது இருக்கும். நான் படத்தின் பெயரைச் சொன்னதும் வண்டியை ஓரம் கட்டிவிட்டுத் திரும்பி உட்கார்ந்துகொண்டார்.

“சேச்சி, ஞான் அந்தப் படம் ரெண்டு பிராவசியம் கண்டதாக்கும். அவன் சாவவும் இல்ல, பைத்தியமும் இல்ல. அவனுக்கு லாட்டரி அடிச்சிட்டு உண்டு. டிக்கெட்ட எங்க வெச்சான்னு மறந்துபோச்சு. அதாக்கும் அந்தக் கண்ணு அப்படி முழிக்குது.”

இதுவரை எந்த விமர்சகரும் சொல்லாத கோணம். இவருக்குச் சுரேஷை உடனே பிடித்துப்போய்விட்டது. இரண்டு நாளும் அவர் வண்டியே என்று பேசி முடித்துவிட்டார்.

பாறசாலையில் புட்டும் கடலையும் சாப்பிட்டோம். பிறகு ரயில் நிலையம் போய், படத்தின் முதல் காட்சியில் அவன் இறங்கும் நடைமேடையில் சற்று உட்கார்ந்தோம். வேறு பார்க்க ஒன்றுமில்லை, ஆனால் நல்ல காற்று. பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் தள்ளி நெய்யாற்றின்கரையில் பஸ் நிலையம் பக்கம் ஒரு லாட்ஜில் அறை எடுத்தோம். ஒரு நாளைக்குத் தொள்ளாயிரம், வெந்நீர் உண்டு, சுத்தம். மதியம் கள்ளிக்காடு போனோம். நெய்யாறு அணையின் நீர்த்தேக்கக் கரையில்தான் அந்தக் கதவை நிறுத்திப் படம் பிடித்திருக்கிறார்கள். லாட்ஜிலிருந்து அரை மணிக்குச் சற்று மேலே, வழியெல்லாம் ரப்பர்.

கதவு தண்ணீரில் இல்லை. ஒரு சாயாக்கடையின் பின்னால், விறகு வைக்கும் சாய்ப்புக்குக் கதவாகப் போட்டிருந்தார்கள். படப்பிடிப்பு முடிந்து அவர்கள் அதை விட்டுவிட்டுப் போக, கடைக்காரர் கேட்டு வாங்கிக்கொண்டாராம். நான் அதைத் தொட்டுப் பார்த்தேன், திறந்து பார்த்தேன், இவரை அதன் முன்னால் நிற்க வைத்துப் படம் எடுத்தேன். கதவுக்கு என்ன அர்த்தம் என்று கடைக்காரரிடம் கேட்டேன். அவர் யோசிக்கவே இல்லை. “அது மனுசனுக்க வயிறாக்கும் சேச்சி. தொறந்தா அடையாது. பழம்பொரி எடுக்கட்டா?” என்றார். கதவைப் பற்றிய விமர்சனங்களில் தனக்குப் புரிந்தது இது ஒன்றுதான் என்று சொல்லிக்கொண்டே இவர் மூன்று பழம்பொரி சாப்பிட்டார்.

திரும்பும் வழியில் சுரேஷ் ஒரு சங்கதி சொன்னார். மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, பொழியூரில் கடலுக்குப் போக மாட்டார்கள். பகல் மூன்று மணிக்கு அங்குள்ள பாரிஷ் ஹாலில் ‘உப்புவாதில்’ போடுகிறார்கள். படம் வெளியானபோது அந்தப் பக்கம் எந்தத் தியேட்டரிலும் ஓடவில்லை. செல்போனில் துண்டு துண்டாகப் பார்த்தவர்கள் உண்டு, ஊர் சேர்ந்து பார்ப்பது இதுதான் முதல் தடவை. நான் கேட்டுவிட்டு ஆட்டோவிலேயே கை தட்டினேன். சில நாள் நமக்கென்றே விடியும்.

ஞாயிற்றுக்கிழமை பத்தரை மணிக்குக் கிளம்பினோம். சுரேஷ் வேண்டுமென்றே பாறசாலையைச் சுற்றிக்கொண்டு போனார். அவருக்கு வழியில் இரண்டு பேரிடம் பேச வேண்டியிருந்தது. பாறசாலையிலிருந்து பொழியூர் பத்துப் பதினொரு கிலோமீட்டர். தென்னையும் வாழையும் முடிந்து, சட்டென்று மண் வெள்ளையாகி, கடல் வந்துவிடும். கேரளத்தின் கடைசிக் கடற்கரை ஊர் இது. இதற்குத் தெற்கே நீரோடி, அது நம் குமரி மாவட்டம்.

கரைக்குப் போனோம். படத்தில் ஒரு வீடு வரும். முன்பக்கம் முழு வீடு, பின்பக்கம் சுவரே இல்லாமல் அடுக்களை நேராகக் கடலைப் பார்க்கும். அந்தக் கலை இயக்கத்தைப் புகழாத விமர்சகரே கிடையாது. அந்த வீடு அங்கே அப்படியே நிற்கிறது. கடல் அரித்துத் தின்ற வீடு. அதைப்போல வரிசையாக இன்னும் சில. யாரும் செட் போடவில்லை. அடுக்களைச் சுவரில் காலண்டர் மாட்டிய ஆணிகூட இருந்தது. மனதுக்குக் கஷ்டமாக இருந்தது, அதைச் சொல்லாமல் இந்தப் பதிவை எழுத முடியாது.

பாரிஷ் ஹாலில் கல்யாண வீட்டுக் களை. வெளிச்சம் வராமல் சன்னல்களைத் தார்பாயால் மூடிக்கொண்டிருந்தார்கள். ஏணியில் நின்று கயிறு கட்டிக்கொண்டிருந்தவருக்கு ஐம்பது வயது இருக்கும். படத்தின் போஸ்டர் அச்சடித்த பனியன் போட்டிருந்தார். அதில் இருந்தது பச்சைச் சேலைக்காரியின் முகம்.

“சேச்சி, இவருதான் செத்த ஆளு” என்றார் சுரேஷ்.

ஏணியில் நின்றவர் விழுந்து விழுந்து சிரித்தார். “செத்தது நான்தான். பனியன்ல இருக்கியது எனக்க பெண்டாட்டி. எறங்கி வாறேன், நில்லுங்கோ.”

அவர் பெயர் ஆன்றணி. இறங்கி வந்து, ஹால் வாசலில் நாற்காலி போட்டு எங்களை உட்கார வைத்து, நடந்ததைச் சொன்னார். அதை இங்கே சுருக்கித் தருகிறேன், ஏனென்றால் நான் இத்தனை நாள் சேகரித்த விமர்சனம் எல்லாம் இதற்கு முன்னால் ஒன்றுமில்லை.

இந்த ஊரில் சாவு விழுந்தால் சர்ச் மணியை ஒற்றை ஒற்றையாக, இடைவெளி விட்டு அடிப்பார்கள். துக்கமணி. அது கேட்டால் யார் என்ன வேலையில் இருந்தாலும் போட்டுவிட்டு வர வேண்டும். சாவு வீட்டில் அடுப்பு எரியாது என்பதால், வருகிறவர்கள் கட்டன் காப்பி போட்டுக் கெட்டிலில் எடுத்துக்கொண்டு வருவார்கள். இரண்டு வருஷத்துக்கு முன்பு படக்காரர்கள் அந்த மணியைப் படம் பிடிக்கக் கேட்டார்கள். மணி அடிப்பவர் கப்பியார். சர்ச் காரியங்களைப் பார்த்துக்கொள்பவருக்கு இங்கே அந்தப் பெயர். கப்பியார் பெயர் மரியதாசன். செவ்வாய்க்கிழமை சினிமாவுக்காகத் துக்கமணி அடிக்கும், யாரும் பயப்பட வேண்டாம் என்று ஞாயிற்றுக்கிழமை பூசையில் முறையாக அறிவித்தார்கள். ஆனால் திங்கட்கிழமை காலையில் வெளிச்சம் நன்றாக இருக்கிறது, இப்போதே எடுத்துவிடலாம் என்றார் இயக்குநர். அறிவிப்பு செவ்வாய்க்கு என்பது மரியதாசனுக்கு அந்த நிமிடம் ஓர்மை வரவில்லை. கயிற்றைப் பிடித்தார், அடித்தார்.

ஊர் வந்துவிட்டது. கெட்டிலோடு வந்துவிட்டது. யார் வீடு என்று தெரியாததால் எல்லாரும் சர்ச் முன்னால் நின்றார்கள். யாரைக் காணோம் என்று ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். அன்றைக்குக் கடலில் காற்று. வள்ளங்கள் எல்லாம் கரைக்கு வந்திருந்தன, ஆன்றணியின் வள்ளம் மட்டும் வரவில்லை. எல்லார் கண்ணும் ஒருசேர அவர் மனைவி ஸ்டெல்லாமேல் போய் நின்றது. ஸ்டெல்லா சரிந்து விழுந்தார். எடுக்க வந்தது மணியை, கேமரா எடுத்துக்கொண்டது ஊரை.

“நான் ஒரு மணிக்கூறு களிஞ்சு வள்ளம் நெறைய சாளையோட வந்து எறங்குறேன். ஊரு முழுசும் எனக்காக நிக்குது. எனக்க மரணத்துக்குக் கொண்டுவந்த காப்பிய நானே குடிச்சேனாக்கும். கொள்ளாம், ஆனா சீனி கொறவு.” சொல்லிவிட்டு மறுபடியும் சிரித்தார்.

இவர் என்னைப் பார்த்தார். யாரென்று தெரியாமல் எழவுக்கு வரும் ஊர் உண்டு என்று ஒப்புக்கொள்ளும் பார்வை. நான் அதைப் பெருந்தன்மையாக வாங்கிக்கொண்டேன்.

“இதில ஒரு வழக்கு உண்டு,” என்று ஆன்றணி குரலைத் தாழ்த்தினார். “மணியடிச்ச மரியதாசன் ஆருன்னு நெனச்சிய? எனக்க மச்சினன். ஸ்டெல்லாக்க சொந்தத் தம்பி.”

தாய் சின்ன வயதில் இறந்துவிட, ஸ்டெல்லாதான் அந்தத் தம்பியை இடுப்பில் தூக்கி வளர்த்தாராம். அந்த மணிக்குப் பிறகு ஒரு வார்த்தை அவரோடு பேசியதில்லை. இரண்டு வீடும் ஒரே தெரு. மீன் கறி வைத்தால் தம்பி வீட்டுக்கு ஒரு பங்கு போகும், பேச்சு மட்டும் போகாது. படக்காரர்கள் பிறகு வீடு வீடாக வந்து அனுமதி கேட்டபோது ஸ்டெல்லா மறுக்கவில்லை. அவன் செய்ததை உலகம் பார்க்கட்டும் என்று சம்மதித்திருக்கிறார்.

“அவன் அன்னைக்கு மணியப் போட்டுட்டு இவகிட்ட ஓடிவந்தான். இவ ஓர்மையில்லாம கெடந்தா. ஆளுங்க அவனுக்க கொரவளையப் பிடிச்சு இழுத்துத் தள்ளிட்டாவ. பின்ன இவ கண்ணு முழிக்கும்போ அவன் பக்கத்தில இல்ல. அவன் எட்டிக்கூடப் பாக்கலன்னு இவளுக்குக் கோவம். நான் எத்தன தடவ சொல்லிப் பாத்தேன். ‘நீங்க அப்பம் கடல்லல்லா கெடந்திய, உங்களுக்கு எப்படித் தெரியும்’னு கேப்பா.”

ஊரில் சிலரும் சொல்லித்தான் பார்த்தார்களாம். சமாதானத்துக்காகக் கட்டிவிடும் கதை என்று ஸ்டெல்லா ஒரே அடியாகத் தள்ளிவிட்டார். சமாதானத்துக்காக ஆன்றணி வேறு பல கதைகளும் கட்டிவிட்டிருந்ததால், உண்மையைச் சொன்ன கதையும் அவற்றோடு போய்விட்டது.

மதியச் சாப்பாட்டுக்கு ஆன்றணி எங்களை விடவில்லை. மரச்சீனிக் கிழங்கும் சாளை மீன் கறியும். ஸ்டெல்லா பரிமாறினார். நான் நாலு தடவை நிறுத்தி நிறுத்திப் பார்த்த முகம் எனக்கு முன்னால் நின்று, இன்னும் கொஞ்சம் போடட்டுமா என்று கேட்டது. உங்கள் நடிப்புக்கு விருது கொடுக்கவில்லை என்று எத்தனை பேர் சண்டை போட்டார்கள் தெரியுமா என்று சொல்ல வாயெடுத்து, நல்லவேளை, மென்று விழுங்கிவிட்டேன். படம் பார்க்க வருகிறீர்களா என்று மட்டும் கேட்டேன்.

“படம் பாக்க இல்ல அக்கா. ஊரு அதப் பாக்கும்போ அவனுக்க மொகம் எப்படி இருக்குன்னு பாக்கணும். அதுக்காக்கும் வாறேன்” என்றார். சிரிக்காமல் சொன்னார். ஆன்றணி குனிந்து மீன் முள்ளை எடுத்துக்கொண்டிருந்தார்.

இரண்டே முக்காலுக்கெல்லாம் ஹால் நிறைந்துவிட்டது. ஸ்டெல்லா முன்வரிசையில் நடுவில் உட்கார்ந்தார். மரியதாசன் உள்ளே வரவில்லை, பின்வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். நாற்பது வயது, ஒடிசலான உடம்பு, துவைத்து இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை. இவர் அவருக்கு நாற்காலி காட்டினார். “வேண்டாம் அண்ணே, நான் நின்னே பாக்கேன்” என்றார். அவர் திரையைப் பார்க்கவில்லை, முன்வரிசையில் தெரிந்த அக்காவின் கொண்டையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

படம் தொடங்கியது. இந்த மாதிரி ஒரு சினிமா அனுபவம் எனக்கு வாழ்நாளில் கிடைத்ததில்லை. உறைய வைக்கும் அமைதி என்று விமர்சகர்கள் எழுதிய படம், அங்கே ஒரு நிமிடம் அமைதியாக ஓடவில்லை. அந்தா நம்ம வள்ளம், அந்தா எனக்க ஆடு, எலே அது நீயில்லா என்று ஒரே கூச்சல். கதாநாயகன் பேயறைந்தாற்போல நடந்து போகும்போது, பின்னால் கொடியில் காயும் சேலை யாருடையது என்று இரண்டு பெண்கள் சண்டைக்கே போய்விட்டார்கள். படத்துக்கு இடைவேளை கிடையாது, அது இயக்குநரின் துணிச்சல் என்று ஒரு பத்திரிகை எழுதியிருந்தது. பாதியில் காப்பி கொடுக்காமல் எங்கள் ஊரில் ஒன்றும் நடக்காது என்று சொல்லி, பங்கு அச்சன், அதாவது சர்ச் பாதிரியார், மடிக்கணினியில் படத்தை நிறுத்திவிட்டார்.

அந்த இடைவேளையில் உங்களுக்கான குறிப்புகளையும் சொல்லிவிடுகிறேன், பிறகு எனக்கு எழுத ஓடாது. பாறசாலை, நெய்யாற்றின்கரை இரண்டிலும் ரயில் நிற்கும், நாகர்கோவிலிலிருந்து பாசஞ்சரில் வந்தால் மார்த்தாண்டம் நெரிசல் மிச்சம். நேரம் மாறிக்கொண்டே இருப்பதால் கிளம்பும் முன் பார்த்துக்கொள்ளுங்கள். தங்க நெய்யாற்றின்கரை வசதி. ஒரு நாளைக்கு ஆட்டோ பேசிக்கொள்வதுதான் நல்லது, எங்களுக்கு நாளுக்கு ஆயிரத்து இருநூறு ஆனது. தமிழ் போதும், எல்லாருக்கும் இரண்டு மொழியும் தெரியும், ஒரு வாக்கியத்துக்குள்ளேயே இரண்டும் வரும். பொழியூரில் கடலில் இறங்காதீர்கள், அலை பொல்லாதது. உடைந்த வீடுகளைப் படம் பிடிக்கும் முன் பக்கத்தில் இருப்பவர்களிடம் கேளுங்கள், அவை யாரோ வாழ்ந்த வீடுகள். மீன் சாப்பிடாதவர்கள் பாறசாலையிலேயே சாப்பிட்டுவிட்டுப் போங்கள். கள்ளிக்காட்டில் கதவைப் பார்த்தால் பழம்பொரியும் வாங்குங்கள்.

படம் மறுபடி தொடங்கி ஐந்து நிமிடத்தில் மணிச் சத்தம் வந்தது. ஒற்றை, இடைவெளி, ஒற்றை. ஹாலில் அதுவரை இருந்த கூச்சல் அப்படியே அடங்கியது. திரையில் சனம் கெட்டிலோடு வந்தது. அதே சனம் என்னைச் சுற்றி நாற்காலியில் உட்கார்ந்து, தன் பயத்தைத் தானே பார்த்தது. திரையில் பச்சைச் சேலை சரிந்தது. யாரோ ஒருவர் ஏசுவே என்றார். நான் திரும்பிப் பின்வாசலைப் பார்த்தேன். மரியதாசன் தலை குனிந்து நின்றிருந்தார்.

“அந்தா ஓடிவாறான்! இடது பக்கம் பாரு, இடது பக்கம்!” என்று ஆன்றணி எழுந்து கத்தினார்.

இந்தக் காட்சியை நான் நாலு தடவை பார்த்திருக்கிறேன், நாலு தடவையும் என் கண் அந்தப் பெண்மேல்தான் இருந்தது. இப்போதுதான் ஓரத்தைப் பார்த்தேன். சர்ச் கதவிலிருந்து ஒருவர் பாய்ந்து வருகிறார், மரியதாசன். படியில் தடுக்கி விழுகிறார், எழுகிறார், கூட்டத்தை இரண்டு கையாலும் விலக்குகிறார். விழுந்து கிடக்கும் பெண்ணின் தலையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு, வாயைத் திறந்து என்னவோ கதறுகிறார். அந்த இடத்தில் சத்தம் இல்லையே, அதனால் கேட்கவில்லை. இரண்டு பேர் அவர் சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போகிறார்கள். இழுபட்டுப் போகும்போதும் கை அவள் பக்கமே நீண்டிருக்கிறது. நான் படித்தவர்களில் ஒரே ஒரு விமர்சகர் அவரைக் கவனித்திருந்தார். படக்குழு ஆள் யாரோ தெரியாமல் காட்சிக்குள் வந்துவிட்டார், அதை வெட்டாமல் விட்டது எடிட்டரின் பிழை என்று எழுதியிருந்தார்.

காட்சி மாறிவிட்டது. முன்வரிசையிலிருந்து ஸ்டெல்லா அச்சனைக் கூப்பிட்டார்.

“அச்சோ, அந்த எடத்த இன்னொருக்க போடுங்கோ.”

அச்சன் பின்னால் ஓட்டிப் போட்டார். பாய்ந்து வந்தார், விழுந்தார், எழுந்தார். முடிந்ததும் ஸ்டெல்லா கையை மட்டும் தூக்கிக் காட்டினார். அச்சன் மூன்றாவது தடவை போட்டார். இந்தத் தடவை ஹால் முழுக்க எழுந்து நின்றுவிட்டது. திரையில் அவர் படியில் தடுக்கி விழுந்ததுதான் தாமதம், ஸ்டெல்லா நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து திரையைப் பார்த்துக் கூவினார்.

“எழும்புலே மக்கா! ஓடிவாலே! நான் இங்கேயில்லா கெடக்கேன்!”

பின்வாசலில் நின்ற மரியதாசன் ஓடினார். நிஜமாகவே ஓடினார். பிளாஸ்டிக் நாற்காலிகள் இரண்டு பக்கமும் உருள, யார் காலையோ மிதித்து, இவர் கையிலிருந்த காப்பியைத் தட்டிவிட்டு, முன்வரிசைக்கு ஓடி அக்காவின் முன்னால் போய் நின்றார். மூச்சு வாங்கியது. ஸ்டெல்லா அவரை மேலும் கீழும் பார்த்தார்.

“இப்பந்தான் வந்து எத்துனியா?” என்று கேட்டு, முதுகில் ஓங்கி ஒன்று வைத்தார். அப்புறம் அந்தத் தலையைப் பிடித்து மார்போடு சேர்த்துக்கொண்டார்.

ஹாலில் எழுந்த சத்தத்தை எழுத எனக்குத் தெரியவில்லை. விசில் அடித்தவர்களில் அச்சனும் ஒருவர் என்று சுரேஷ் சத்தியம் செய்கிறார். நான் அழுதேன், வெளிப்படையாகவே அழுதேன். இவர், எந்தப் படத்துக்கும் கண்விழித்திராத இந்த மனிதர், சட்டையில் காப்பியோடு நின்று கை தட்டிக்கொண்டிருந்தார். தார்பாயை அவிழ்த்துவிட்டார்கள், வெளிச்சம் வந்தது, மறுபடி காப்பி வந்தது. படத்தின் பாக்கியை யாரும் போடச் சொல்லவில்லை.

அந்தக் காட்சியை எடுத்தவருக்கும் அதைப் பாராட்டியவர்களுக்கும் நான் நன்றி சொல்லத்தான் வேண்டும். அந்தப் பயம் நடிப்பில்லை என்று அவர்கள் எழுதியது முழுக்கச் சரி. ஓரத்தில் ஓடிய அன்பை நானும்தான் பார்க்கவில்லை.

ஐந்தரைக்குக் கிளம்பினோம். ஸ்டெல்லா வழியனுப்ப ஆட்டோ வரை வந்தார். பக்கத்தில் தம்பி, கையில் எங்களுக்கென்று கட்டிய கருவாட்டுப் பொட்டலத்தோடு. எனக்குள் இருந்த விமர்சனப் பைத்தியம் சும்மா இருக்கவில்லை. பாதியில் நிறுத்திவிட்டீர்களே, அவனைக் கொன்றது யார் என்று கடைசியில்தான் வரும், தெரிந்துகொள்ள வேண்டாமா என்று கேட்டேன்.

ஸ்டெல்லா புருஷனைத் திரும்பிப் பார்த்தார். ஹால் வாசலில் ஆன்றணி யாருக்கோ கையை ஆட்டி ஆட்டித் தன் சாவைச் சொல்லிக்கொண்டிருந்தார்.

“ஆரும் சாவல்லியே அக்கா” என்றார்.